மூடியும் பாடம், மணலும் பாடம்

தில்லி ராஜ்காட் அருகே காந்தி நூற்றாண்டுக் கண்காட்சிக்கான கட்டட வேலை. தாய்மார்கள் செங்கல் சுமக்க, கைக்குழந்தைகள் புழுதியில் கிடந்தன. பார்க்கப் பொறுக்காத மீரா மகாதேவன் 1969-ல் அங்கேயே கூடாரம் போட்டுக் காப்பகம் தொடங்கினார். பிறந்தது 'மொபைல் கிரெஷஸ்'. கட்டடம் முடிந்தால் காப்பகமும் மூட்டை கட்டும். பெயர்க்காரணம் அதுதான்.

பால், தூக்கம், தடுப்பூசி எல்லாம் இப்படிப்பட்ட காப்பகத்தின் பாதி வேலை. மீதி, விளையாட்டு. விலையுயர்ந்த பொம்மைகள் தேவையில்லை. சோடா மூடிகளை நிறவாரியாகப் பிரிக்கும் மூன்று வயது வாண்டு, தன்னையறியாமல் கணக்கின் முதல் படியில் ஏறுகிறது. டம்ளரிலிருந்து சொம்புக்குத் தண்ணீர் ஊற்றும்போது கூட, குறைய என்பது புரிகிறது. ஈர மணலில் கோடு இழுக்கும் விரல், நாளை பென்சில் பிடிக்கப் பழகுகிறது. கடை வைத்து விளையாடினால் பேச்சு வளர்கிறது: பேரம் பேசியாக வேண்டுமே! தம்பியை இடுப்பில் சுமந்து திரிந்த எட்டு வயது அக்காவுக்கும் விடுதலை. அவள் பள்ளிக்கூடம் போகலாம்.

'எப்போது எழுதச் சொல்லித் தருவீர்கள்?' என்று கேட்கும் பெற்றோருக்கு இதெல்லாம் வெறும் ஆட்டம். ஒப்பந்தக்காரருக்கோ வெறும் செலவு. 50 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் இடத்தில், பயிற்சி பெற்ற பெண்களின் பொறுப்பில் குழந்தைகளுக்கு அறை ஒதுக்க வேண்டும் என்றது 1996-ல் வந்து 2025 வரை நடப்பில் இருந்த கட்டடத் தொழிலாளர் சட்டம். தப்பிக்க வழியா இல்லாமல் போனது? புருஷன், பெண்டாட்டி இருவருக்கும் சேர்த்து ஜோடிக் கூலி. அதுவும் புருஷன் கையில். பதிவேட்டில் மனைவியின் பெயரே ஏறவில்லை. 50 என்ற கணக்கும் எட்டவில்லை.