‘ஊரே சிரிக்குது’ என்பது உண்மையா? மனச்சோர்வுக்கு ஒரு பேச்சு வைத்தியம்!

தக்காளி விலை சரிந்து, பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டவில்லை. பக்கத்துப் பக்கத்துத் தோட்டக்காரர்கள் இருவருக்கும் ஒரே நஷ்டம்தான். ஒருவர், ‘இந்தப் போகம் போச்சு, அடுத்து என்ன போடலாம்?’ என்று விசாரிக்கிறார். இன்னொருவர், ‘நான் எதைத் தொட்டாலும் இப்படித்தான். ஊரே சிரிக்குது’ என்று படுத்துவிடுகிறார். மாடு கத்தினாலும் எழுந்திருக்கத் தோன்றவில்லை. அவர் படுத்தே கிடப்பதால் தோட்டத்தில் களை ஏறுகிறது. அந்தக் களையைப் பார்த்ததும், ‘நான் எதுக்கும் லாயக்கில்லை’ என்ற நினைப்பு இன்னும் இறுகுகிறது.

இந்தச் சுழலை உடைப்பதுதான் சி.பி.டி. எனப்படும் அறிதல்-நடத்தை சிகிச்சையின் வேலை. 1960-களில் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில், ஆரோன் பெக் என்ற மனநல மருத்துவர் இதை உருவாக்கினார். மனச்சோர்வில் இருப்பவர்களுக்குத் தன்னைப் பற்றியும், உலகத்தைப் பற்றியும், எதிர்காலத்தைப் பற்றியும் கசப்பான நினைப்புகள் தானாக வந்து விழுந்துகொண்டே இருப்பதை அவர் கவனித்தார். அவற்றை அப்படியே நம்பாமல், சோதித்துப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தார்.

வாரம் ஒருமுறை ஆலோசகரோடு உட்கார்ந்து பேச வேண்டும். பெரும்பாலும் சில மாதங்களில் முடிந்துவிடும். வரவு செலவு எழுதுவதுபோல ஒரு நோட்டு போடச் சொல்வார்கள். என்ன நடந்தது, அப்போது என்ன நினைத்தேன், மனசு எப்படி இருந்தது, பிறகு என்ன செய்தேன்... இவ்வளவுதான் அதில் எழுத வேண்டும். ‘ஊரே சிரிக்குது’ என்று எழுதினால், ‘யார் யார் சிரித்தார்கள்?’ என்று கேட்பார் ஆலோசகர். யோசித்தால், மண்டியில் ஒருவர் குத்தலாகப் பேசியது மட்டும்தான் நினைவுக்கு வரும். வலி உடனே போய்விடாது. ஆனால், ‘ஊர்’ என்பது ஒரு ஆளாகச் சுருங்கிவிடும்.

‘எல்லாம் நல்லதுக்கே’ என்று தேற்றுவது சி.பி.டி. இல்லை. கடன் இருந்தால் இருக்கிறது; அதை எந்த ஆலோசகரும் இல்லையென்று சொல்லமாட்டார். ஆனால், படுத்துக் கிடப்பவரால் பேங்க் மேனேஜரிடம் போய் தவணை கேட்க முடியாதே!

அடுத்தது, செயல். ‘மனசு சரியானதும் செய்யலாம்’ என்று காத்திருக்கக் கூடாது. நாளைக் காலையில் சொசைட்டிக்குப் பால் கொண்டுபோவது, வரப்பில் பத்து நிமிடம் நடப்பது என்று சின்ன வேலையில் தொடங்கி, முன்னும் பின்னும் மனசுக்குப் பத்துக்கு எத்தனை மார்க் என்று குறிக்க வேண்டும். செய்த பிறகுதான் தெம்பு வரும் என்பது பலருக்கு அந்த மார்க்கைப் பார்த்த பிறகே தெரிகிறது.

‘இதெல்லாம் படித்த பட்டணத்து ஆட்களுக்கு’ என்று நினைக்க வேண்டாம். பாகிஸ்தானின் ராவல்பிண்டி பகுதிக் கிராமங்களில், மனச்சோர்வில் இருந்த கர்ப்பிணிகளிடம் இந்த முறையைச் சோதித்தார்கள். சிகிச்சை கொடுத்தது டாக்டர்கள் அல்ல. பயிற்சி பெற்ற கிராம சுகாதாரப் பெண் பணியாளர்கள். 16 முறை வீடு தேடிப் போனார்கள். பயிற்சி பெறாத பணியாளர்கள் போய்ப் பார்த்த தாய்மார்களில், குழந்தை பிறந்து 6 மாதம் ஆனபோது 53 சதவிகிதம் பேர் மனச்சோர்விலேயே இருந்தார்கள். சிகிச்சை பெற்றவர்களில் அது 23 சதவிகிதம்தான். 2008-ல் வெளியான முடிவு இது.

எல்லோருக்கும் பேச்சு மட்டும் போதாது. சோர்வு கடுமையாக இருந்தால் மாத்திரையும் சேர்த்துத் தேவைப்படும். வீட்டில் யாராவது ‘செத்துடலாம்னு இருக்கு’ என்றால், பூச்சிமருந்து டப்பாக்களை அன்றைக்கே அப்புறப்படுத்துங்கள். அவரைத் தனியாக விடாதீர்கள். ‘அப்படி நினைப்பு வருதா?’ என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் முளைத்துவிடாது. மத்திய அரசின் ‘டெலி மனாஸ்’ எண் 14416. இரவிலும் பேசலாம், தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது.

மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகிறவர்கள், ‘தூக்கம் வரலை’ என்பதோடு நிறுத்த வேண்டாம். எத்தனை வாரமாக, என்னென்ன நினைப்பு, எந்தெந்த வேலை நின்றுபோனது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு போங்கள். ‘சி.பி.டி. இங்கே கிடைக்குமா?’ என்று கேளுங்கள்.