இரண்டாயிரம் ரூபாய் ஃபிட்னஸ் பேண்டா, நாற்பதாயிரம் ரூபாய் வாட்ச்சா? இதெல்லாம் தெரியுமா?

பேரிகையில் பஸ் ஏறி பாகலூர் தாண்டிப் போனால் ஓசூர். இந்தியாவின் கைக்கடிகாரச் சந்தையையே புரட்டிப் போட்ட டைட்டன் தொழிற்சாலை அங்கேதான் இருக்கிறது! 1984-இல் டாடா குழுமமும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து தொடங்கிய நிறுவனம் இது. 2002-இல் வெளிவந்த டைட்டன் எட்ஜ் வாட்ச்சின் மொத்தத் தடிமனே 3.5 மில்லிமீட்டர்தான், தெரியுமா? உள்ளே ஓடும் இயந்திரம் வெறும் 1.15 மில்லிமீட்டர்!

பேண்டா, வாட்ச்சா என்று இன்று கடைகளில் நாம் நின்று குழம்பும் கேள்விக்கு டைட்டனே இரண்டு பதிலையும் கொடுத்திருக்கிறது. 2016 ஜனவரியில் ஹெச்பி நிறுவனத்தோடு சேர்ந்து ஜக்ஸ்ட் என்ற ஸ்மார்ட்வாட்ச்சை விட்டார்கள். விலை ரூ.15,995. அடுத்த வருடமே ஃபாஸ்ட்ராக் ரிஃப்ளெக்ஸ் பேண்ட் வந்தது. விலை? ரூ.1,995! ஒரே நிறுவனம், கிட்டத்தட்ட ஒரே காலம், எட்டு மடங்கு வித்தியாசம்.

எட்டு மடங்கு விலை கொடுத்தால் எட்டு மடங்கு துல்லியம் கிடைக்குமா? இதயத் துடிப்பு அளக்கும் எந்த பேண்டையும் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள், பச்சை விளக்கு மினுக்கும். ரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்புக்கும் மணிக்கட்டில் ரத்தம் கூடிக் குறைய, திரும்பி வரும் ஒளியும் கூடிக் குறைகிறது. அந்த ஏற்ற இறக்கத்தை எண்ணினால் அதுதான் துடிப்பு! நாற்பதாயிரம் ரூபாய் வாட்ச்சிலும் இதே தத்துவம்தான். ஒளியை வைத்து ரத்த ஓட்டத்தை அளக்கும் இந்த வழியை அமெரிக்க ஆய்வாளர் ஆல்ரிக் ஹெர்ட்ஸ்மன் 1930-களிலேயே எழுதி வைத்துவிட்டார் என்றால் நம்புவீர்களா?

"நம்ம கறுப்புத் தோலுக்கு இது சரியாக் காட்டாதாமே?" என்று பலரும் கேட்கிறார்கள். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தினர் வெவ்வேறு தோல் நிறமுள்ள 53 பேரை வைத்து 2020-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். துடிப்பை அளப்பதில் நிறத்தால் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை! உடம்பு அசைவதுதான் பிரச்சினை. சும்மா இருக்கும்போது வரும் பிழையைவிட வேலை செய்யும்போது வரும் பிழை சராசரியாக 30 சதவீதம் அதிகம். அதனால் வாரைத் தளர்வாகக் கட்டாதீர்கள். இது காசில்லாமல் கிடைக்கும் துல்லியம்.

கலோரிக் கணக்கு இன்னும் பெரிய ஆச்சரியம். ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2017-இல் ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். ஏழில் ஆறு, துடிப்பை 5 சதவீதப் பிழைக்குள் காட்டின. எரிந்த கலோரியை ஒன்றுகூட ஒழுங்காகக் காட்டவில்லை! இருப்பதில் நல்ல கருவிக்கே சராசரிப் பிழை 27 சதவீதம், மோசமானதற்கு 93. ஆப்பிள் வாட்ச்சும் அந்த ஏழில் ஒன்று. "350 கலோரி எரிச்சாச்சு" என்று வாட்ச் சொன்னதை நம்பி இன்னொரு பரோட்டா போடச் சொல்லாதீர்கள்.

ஸ்டெப்ஸ் கணக்கு எப்படி விழுகிறது தெரியுமா? காலைப் பார்த்து இல்லை, கை அசைவைப் பார்த்து! பசுமைக்குடிலில் ஒரே இடத்தில் நின்று ரோஜா வெட்டுகிறவருக்கு நடக்காத ஸ்டெப்ஸ் ஏறலாம். அதே ஆள் தக்காளிப் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வண்டிவரை நடந்தால், நடந்த ஸ்டெப்ஸ் விட்டுப்போகலாம். தினமும் 10,000 என்ற இலக்கும் மருத்துவர்கள் வைத்ததில்லை. 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடைமானியின் பெயர் அது!

அப்படியானால் விலை உயர்ந்த வாட்ச் வீணா? இல்லவே இல்லை! 2018-இல் வந்த ஆப்பிள் வாட்ச் சீரிஸ் 4-இல் ஈசிஜி எடுக்கும் வசதி வந்தது. இடது கையில் கட்டிய வாட்ச்சின் பக்கவாட்டுத் திருகில் வலது கை விரலை 30 விநாடி வைத்தால் போதும். இரண்டு கைக்கும் நடுவில் இதயத்தின் மின்னோட்டம் பதிவாகிவிடுகிறது. கீழே விழுந்தால் கண்டுபிடித்து உதவிக்கு அழைக்கும் வசதியும் அதே மாடலில்தான் வந்தது. தனியாகத் தோட்டத்து வீட்டில் இருக்கும் அப்பாவுக்கு, துடிப்பு தாறுமாறாக ஓடுவதாக டாக்டர் சொன்ன அம்மாவுக்கு, இந்தக் காசு தகும். 4,19,297 பேர் கலந்துகொண்ட ஆப்பிள் இதய ஆய்வில் 2,161 பேருக்குத்தான் துடிப்பு சீராக இல்லை என்ற எச்சரிக்கை வந்தது. ஆனால் மாரடைப்பை இந்த வாட்ச்சால் கண்டுபிடிக்க முடியாது, இதை அந்த நிறுவனமே சொல்கிறது. நெஞ்சு வலித்தால் வாட்ச்சைப் பார்த்துக்கொண்டிருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். இன்னொன்று, ஐபோன் இல்லாத வீட்டில் ஆப்பிள் வாட்ச் வாங்கிப் பயனில்லை, ஆண்ட்ராய்டு போனோடு அது சேராது!

சிப்காட்டில் நைட் ஷிஃப்ட் பார்க்கிற தம்பி, தங்கைகளுக்கு என் ஓட்டு பேண்டுக்குத்தான். ஒருமுறை சார்ஜ் போட்டால் பல பேண்டுகள் ஒரு வாரத்துக்கு மேல் ஓடும். ஆப்பிள் வாட்ச்சைப் பெரும்பாலும் தினமும் சார்ஜில் போட வேண்டும். பகலில் வந்து படுக்கிற தூக்கத்தை முழுத் தூக்கமாகக் கணக்கில் எடுக்குமா என்பதை மட்டும் கடையில் கேட்டு வாங்குங்கள். சில மாடல்கள் ராத்திரித் தூக்கத்தை மட்டுமே தூக்கம் என்று நினைக்கின்றன. ஓடும் மெஷின் பக்கத்தில் வேலை என்றால் எந்த வாட்ச்சானாலும் கழற்றி வைத்துவிட்டுப் போக வேண்டும். வார் மாட்டினால் கை போய்விடும்.

கடைசியாக, ஊசி குத்தாமலே சர்க்கரை அளவு காட்டும் என்று யாராவது ஒரு வாட்ச்சை நீட்டினால் வாங்கவே வாங்காதீர்கள். அப்படி அளப்பதாகச் சொல்லும் எந்த வாட்ச்சுக்கும் மோதிரத்துக்கும் தாங்கள் அனுமதி கொடுக்கவில்லை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. அந்தத் தப்பான எண்ணை நம்பி இன்சுலின் போட்டுக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. அதே காசுக்கு மெடிக்கல் ஷாப்பில் நல்ல குளுக்கோமீட்டரும் ஸ்ட்ரிப்பும் கிடைக்கும்.