கல்லீரலைக் காப்பது காபியா, கஃபீனா?

வயிற்று ஸ்கேன் அறிக்கையில் 'ஃபேட்டி லிவர்' என்று வந்துவிட்டால், எண்ணெய்ப் பலகாரத்தோடு காபியையும் நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. காபி விஷயத்தில் அந்தத் தியாகம் பெரும்பாலோருக்குத் தேவையில்லை. அமெரிக்கக் கல்லீரல் நோய் ஆய்வுச் சங்கத்தின் 2023 வழிகாட்டுதல், வேறு தடை இல்லாத கொழுப்புக் கல்லீரல் நோயாளிகளுக்கு தினம் மூன்று கோப்பையாவது காபி நன்மை தரக்கூடும் என்கிறது. கஃபீன் உள்ள காபியானாலும் சரி, நீக்கிய காபியானாலும் சரி என்றும் சேர்த்துச் சொல்கிறது. அப்படியானால் கஃபீனுக்கு என்ன வேலை?

கலிஃபோர்னியாவில் ஆர்தர் கிளாட்ஸ்கி குழுவினர் 1,25,580 பேரைப் பல ஆண்டுகள் கவனித்து, 2006-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். தினம் நான்கு கோப்பையோ அதற்கு மேலோ காபி குடித்தவர்களுக்கு, மதுவால் வரும் கல்லீரல் சுருக்க நோய் (சிரோசிஸ்) 80 சதவீதம் குறைவாக இருந்தது. தேநீர் குடித்தவர்களிடம் இந்தப் பலன் தெரியவில்லை. தேநீரிலும் கஃபீன் உண்டு. பிரிட்டனில் சுமார் 4,95,000 பேரை வைத்து 2021-இல் வந்த ஆய்விலும், காபி குடித்தவர்களுக்கு நாள்பட்ட கல்லீரல் நோய் 21 சதவீதமும் அதனால் நேரும் மரணம் 49 சதவீதமும் குறைவு. அங்கே கஃபீன் நீக்கிய காபி குடித்தவர்களும் பயன் பெற்றார்கள்.

கஃபீனுக்குப் பங்கே இல்லை என்றும் தள்ளிவிட முடியாது. கல்லீரலுக்கு அடிமேல் அடி விழும்போது ஸ்டெல்லேட் செல்கள் விழித்துக்கொண்டு தழும்புத் திசுவை உண்டாக்குகின்றன. அது பரவிப் பரவித்தான் சிரோசிஸ் ஆகிறது. இந்தச் செல்களைத் தூண்டும் பொருள்களில் ஒன்று அடினோசின். அது வந்து அமரவேண்டிய இடத்தில், பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடிப்பவரைப்போல, கஃபீன் முந்திக்கொள்கிறது. மூளையில் தூக்கத்தை விரட்டுவதும் இதே வித்தையால்தான். எலிகளிடம் நடந்த சோதனைகள் இதற்கு ஆதரவாக உள்ளன. ஆனால் காபிக்கொட்டையில் குளோரோஜெனிக் அமிலம் போன்ற வேறு பல சரக்குகளும் இருக்கின்றன. பெருமையைக் கஃபீனுக்கு மட்டும் எழுதிவைப்பது அவசரம் என்றே படுகிறது.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. கஃபீனைச் சிதைத்து வெளியேற்றுவதே கல்லீரல்தான். ஆரோக்கியமானவர் உடம்பில் ஏறக்குறைய ஐந்து மணி நேரத்தில் அது பாதியாகும். சிரோசிஸ் முற்றியவருக்கு இந்த நேரம் பல மடங்கு நீளும். காலையில் குடித்தது இரவிலும் ரத்தத்தில் நிற்கும். படபடப்பு வரும், தூக்கம் போகும். காரணம் தெரியாமலே அவர் காபியைக் குறைத்துக்கொள்ளலாம். பிறகு ஆய்வில் 'காபி குடிக்காதவர்' கணக்கில் போய்ச் சேர்வார். நோய் முன்னமே இருந்ததால் காபி விட்டவரை, காபி விட்டதால் நோய் வந்தவராக எண்ணிவிடும் ஆபத்து இது. நோய் தெரிந்தவர்களை ஆய்வாளர்கள் ஆரம்பத்திலேயே விலக்கிவிட முடியும். கல்லீரலோ பல ஆண்டுகள் வாய் திறக்காமலே கெடும் உறுப்பு. இருந்தும், வெவ்வேறு நாடுகளின் கணக்குகள் ஒரே திசையைக் காட்டுவதால் காபியின் பக்கம் நியாயம் இருப்பதாகவே தோன்றுகிறது.

அந்த ஆய்வுகளின் கோப்பை வேறு, நம் டபரா டம்ளர் வேறு. இந்தியாவில் காபித்தூளில் 49 சதவீதம் வரை சிக்கரி கலக்க விதி இடம் தருகிறது. சிக்கரியில் கஃபீன் கிடையாது. அதைவிட முக்கியம் சர்க்கரை. வேளைக்கு இரண்டு கரண்டி சர்க்கரை போட்டு நாலு வேளை குடித்துவிட்டு, கல்லீரலுக்கு மருந்து சாப்பிடுவதாகச் சொல்லிக்கொள்வதில் அர்த்தமில்லை. காபி இருக்கிறதென்று மதுவைத் தொடர்வதும் அப்படித்தான்.

ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம் கஃபீன், கர்ப்பிணிகளுக்கு 200 மில்லிகிராம் வரை பாதுகாப்பானது என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2015 மதிப்பீடு. சிரோசிஸ் உள்ளவர்கள் எவ்வளவு குடிக்கலாம் என்பதை மருத்துவரிடமே கேட்க வேண்டும். அவர்களுக்கு இரவில் தூக்கம் கெட்டு, பகலில் கண் செருகினால், நோய் மூளையைத் தொடத் தொடங்கியதன் அறிகுறியாகவும் அது இருக்கலாம். மாலைக் காபியின் மேல் பழியைப் போட்டுவிட்டு அதை மருத்துவரிடம் சொல்லாமல் விட்டுவிடக் கூடாது.