வட்டாரத் திரைப்பட விழாக்கள்: ஜாதவ்பூர் தரும் பாடம்

ஒரு திரைப்படம் எடுத்து முடிக்கப்பட்டுவிட்டதாலேயே அது மக்களைச் சென்றடைந்துவிட்டதாகக் கொள்ள இயலாது. வங்கத் திரைப்பட மேதை ரித்விக் கட்டக் தமது முதல் முழுநீளப் படமான ‘நாகரிக்’கை 1952 ஆம் ஆண்டில் உருவாக்கினார். அது திரையரங்குக்கு வந்தது 1977 ஆம் ஆண்டில். அதற்கு முந்தைய ஆண்டு, 1976 பிப்ரவரி 6 ஆம் நாள், அவர் காலமாகிவிட்டார். தம் முதற்படைப்பைப் பொதுமக்கள் திரையில் காண்பதை அவரால் காண முடியவில்லை. கலைஞனுக்கும் அவனுடைய மக்களுக்கும் இடையே நேர்ந்த இந்த இருபத்தைந்து ஆண்டு இடைவெளி, திரைப்பட விழாக்கள் எதற்காகத் தேவைப்படுகின்றன என்பதைத் தெளிவாக உணர்த்துகிறது.

திரைப்பட விழா என்றதும் வெளிநாட்டு விருந்தினரும் அலங்கார வளைவுகளும் நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால், ஒரு நகரின் ஒரு பகுதியில், ஒரு சிறு அரங்கில், இரண்டு மூன்று நாட்கள் மட்டுமே நடைபெறும் வட்டார விழாக்களும் உண்டு. ஒரு படைப்பாளியின் படங்களை வரிசையாகத் திரையிட்டு, அவற்றோடு புதியவர்களின் குறும்படங்களையும் ஆவணப்படங்களையும் காட்டுவது இவற்றின் வழக்கம். இத்தகைய விழாக்களின் பயனை ஆராய்வதற்குத் தென் கொல்கத்தாவிலுள்ள ஜாதவ்பூரைக் காட்டிலும் பொருத்தமான இடம் அரிது.

குடியேற்றங்களின் நிலம்

1947 ஆம் ஆண்டுப் பிரிவினையை அடுத்துக் கிழக்கு வங்கத்திலிருந்து இலட்சக்கணக்கான மக்கள் மேற்கு வங்கத்திற்கு வந்து சேர்ந்தனர். 1951 ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மேற்கு வங்கத்தில் இவ்வாறு இடம்பெயர்ந்தோர் ஏறத்தாழ 21 இலட்சம் பேர். இவர்களில் ஒரு பகுதியினர் கல்கத்தாவின் தென்புறத்தில் தரிசாகக் கிடந்த நிலங்களிலும், இரண்டாம் உலகப் போர்க் காலத்து இராணுவக் கொட்டகைகளிலும் தாமாகவே குடியேறினர். ஜாதவ்பூரை ஒட்டிய விஜய்கட் இவ்வாறு உருவான குடியேற்றங்களுள் முன்னோடியானது. 1950 ஆம் ஆண்டு முடிவதற்குள் கல்கத்தாவைச் சுற்றிலும் ஏறத்தாழ 150 குடியேற்றங்கள் எழுந்தன. சாலை, கிணறு, சந்தை, பள்ளி ஆகியவற்றைக் குடியேறியவர்களே கூடி அமைத்துக்கொண்டனர். விஜய்கட்டில் 1950 இலேயே ஒரு கல்லூரியும் தோன்றியது.

பல்லாண்டுகள் ஜாதவ்பூர் என்ற பெயரைக் கேட்டதும் வங்க மக்களுக்கு நினைவுக்கு வந்தது அங்கிருந்த காசநோய் மருத்துவமனையாகும். வறுமையும் நெரிசலும் மிகுந்த குடியேற்றங்களை அந்நோய் வெகுவாக வாட்டியது. இந்தச் சூழலை அறிந்தவர்களுக்கு, 1960 இல் வெளிவந்த கட்டக்கின் ‘மேகே டாகா தாரா’ வெறும் கற்பனைக் கதையாகத் தோன்றாது. அகதிக் குடும்பம் ஒன்றின் மூத்த மகள் நீதா, தன் படிப்பையும் விருப்பங்களையும் விட்டுக்கொடுத்து, உழைத்து வீட்டைத் தாங்குகிறாள். வீட்டார் ஒவ்வொருவராகக் கரையேறுகின்றனர். அவளோ காசநோய்க்கு இரையாகிறாள். மலைநகர் மருத்துவமனையில் அவள் வாழ வேண்டுமென்று கதறும் இறுதிக் காட்சி இந்தியத் திரைப்பட வரலாற்றில் நிலைத்துவிட்டது.

கட்டக் 1925 நவம்பர் 4 ஆம் நாள் டாக்காவில் பிறந்தவர். இந்திய மக்கள் நாடக மன்றத்தில் பயின்று திரைத்துறைக்கு வந்தவர். ‘மேகே டாகா தாரா’வைத் தொடர்ந்து ‘கோமல் காந்தார்’, ‘சுபர்ணரேகா’ ஆகிய படங்களிலும் பிரிவினையின் வடுவையே அவர் ஆராய்ந்தார். அவருடைய வாழ்நாளில் வணிக அளவில் வெற்றி கண்டது ‘மேகே டாகா தாரா’ ஒன்றே. ‘சுபர்ணரேகா’ 1965 இல் வெளியான பின்னர் 1973 வரை அவருடைய முழுநீளப் படம் எதுவும் திரைக்கு வரவில்லை. மொத்தம் எட்டு முழுநீளப் படங்களையே அவர் முடித்தார். தம்மைப் போன்றோரின் துயரைத் திரையில் வடித்தவரை அம்மக்களுள் பலர் அறியாமலேயே போயினர் என்பது வருந்தத்தக்கது. சந்தை செய்யத் தவறிய அறிமுகத்தைப் பிற்காலத்தில் செய்து முடித்தவை திரைப்படச் சங்கங்களும் விழாக்களுமேயாகும்.

சங்கங்களின் பங்கு

இந்தியாவில் திரைப்படச் சங்க இயக்கம் வலுப்பெற்றதும் இதே நகரில்தான். 1947 ஆம் ஆண்டில் சத்யஜித் ராய், சிதானந்த தாஸ்குப்தா முதலியோர் கல்கத்தா திரைப்படச் சங்கத்தைத் தொடங்கினர். ஐசன்ஸ்டைனின் ‘போர்க்கப்பல் பொட்டெம்கின்’ அங்கு முதலாவதாகத் திரையிடப்பட்டது. 1952 இல் நடைபெற்ற இந்தியாவின் முதல் சர்வதேசத் திரைப்பட விழா பம்பாயில் தொடங்கி, சென்னை, டில்லி, கல்கத்தா ஆகிய நகரங்களுக்கும் சென்றது. இத்தாலிய இயக்குநர் டி சிகாவின் ‘சைக்கிள் திருடர்கள்’ போன்ற படங்களை நம் நாட்டு இளைஞர்கள் பலர் அவ்விழாவில்தான் முதன்முதலாகக் கண்டனர். மூன்றாண்டுகளில் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’ வெளிவந்தது. நல்ல படங்களைக் காணும் வாய்ப்பு நல்ல படங்கள் பிறப்பதற்கு வழிகோலும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

1959 இல் கல்கத்தா, டில்லி, பம்பாய், சென்னை, பாட்னா, ரூர்க்கி ஆகிய ஆறு இடங்களின் சங்கங்கள் ஒன்றுகூடி இந்தியத் திரைப்படச் சங்கங்களின் கூட்டமைப்பை நிறுவின. ராய் அதன் முதல் தலைவரானார். 1964 இல் புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தோன்றியதும் சங்கங்களுக்குப் புதிய வலிமை கிடைத்தது. எளிதில் கொண்டுசெல்லத்தக்க 16 மில்லிமீட்டர் பிரதிகளைக் காப்பகம் சங்கங்களுக்கு இரவலாக வழங்கியது. ஒரு படவீழ்த்தியும் ஒரு வெண்திரையும் இருந்தால் பள்ளிக்கூட மண்டபமே அரங்காயிற்று.

ஆசிரியரும் மாணவரும்

ஒரு படைப்பாளியைக் கொண்டாடுவதும் புதியவர்களை ஊக்குவிப்பதும் தனித்தனிப் பணிகள் அல்ல என்பதற்குக் கட்டக்கின் வாழ்வே எடுத்துக்காட்டாகும். 1960 களின் நடுவில் அவர் புனே திரைப்படக் கல்வி நிறுவனத்தில் துணை முதல்வராகப் பணியாற்றினார். குறுகிய காலமே அங்கிருந்தபோதிலும், மணி கவுல், குமார் சஹானி, ஜான் ஆபிரகாம் முதலிய மாணவர்கள் அவரிடமிருந்து பெற்றது மிகுதி.

இவர்களுள் ஜான் ஆபிரகாம் தமிழ் மக்களுக்கு நெருக்கமானவர். கேரளத்தைச் சேர்ந்த அவர் 1977 இல் இயக்கிய ‘அக்ரஹாரத்தில் கழுதை’ சிறந்த தமிழ்ப் படத்திற்கான தேசிய விருதைப் பெற்றது. பின்னர் 1984 இல் கோழிக்கோட்டில் ‘ஒடேசா’ என்னும் குழுவை நண்பர்களோடு உருவாக்கினார். அக்குழுவினர் ஊர் ஊராகச் சென்று படங்களைத் திரையிட்டு, பொதுமக்களிடம் சிறு தொகைகளைத் திரட்டினர். அந்த நிதியைக் கொண்டே 1986 இல் ‘அம்ம அறியான்’ என்னும் மலையாளப் படம் எடுக்கப்பட்டது. வங்கத்தில் ஏற்றப்பட்ட சுடர் புனே வழியாகத் தமிழையும் மலையாளத்தையும் அடைந்த வரலாறு இது. படம் பார்ப்பவர்களே படத்திற்கு முதலீடு செய்யும் முறைக்கும் அக்குழு வழிகாட்டியது.

ஜாதவ்பூரின் இன்றைய நிலை

1955 இல் நிறுவப்பட்ட ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் வேர்கள் 1906 ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் குழுவில் உள்ளன. 1993 இல் இப்பல்கலைக்கழகம் திரைப்படக் கல்விக்கெனத் தனித் துறையைத் தொடங்கியது. இந்தியப் பல்கலைக்கழகங்களில் இதுவே முதல் முயற்சியாகும். 1995 இல் நகரின் மற்றொரு பகுதியில் சத்யஜித் ராய் திரைப்பட, தொலைக்காட்சிக் கல்வி நிறுவனமும் ஏற்பட்டது. ஆகவே, கட்டக்கின் கதைமாந்தர் வாழ்ந்தது போன்ற தெருக்களுக்கு அருகிலேயே, அவருடைய படங்களைப் பாடமாகப் பயிலும் இளைஞர்களும் இன்று உள்ளனர்.

இந்த அண்மை வீண்போகவில்லை. அத்துறையின் பேராசிரியர் மைனாக் பிஸ்வாஸ், அர்ஜுன் கௌரிசாரியாவுடன் இணைந்து ‘ஸ்தானீய சம்பாத்’ என்னும் படத்தை இயக்கினார். 2010 இல் வெளிவந்த அப்படம், தென் கொல்கத்தாவின் அகதிக் குடியேற்றம் ஒன்றையும் அதனைச் சூழ்ந்து வரும் மாற்றங்களையும் காட்டுகிறது. கட்டக் கண்ட குடியேற்றத்தின் அடுத்த இரண்டு தலைமுறைகளின் கதை என்று அதனைக் கருதலாம்.

நகரில் விழாக்களுக்கும் குறைவில்லை. 1985 இல் திறக்கப்பட்ட ‘நந்தன்’ வளாகத்தை மையமாகக் கொண்டு 1995 முதல் கொல்கத்தா சர்வதேசத் திரைப்பட விழா நடைபெற்று வருகிறது. பெரு நிறுவனங்களின் ஆதரவை நாடாமல், பொதுமக்களின் நன்கொடையைக் கொண்டு 2014 இல் தொடங்கப்பட்ட கொல்கத்தா மக்கள் திரைப்பட விழா மற்றொரு வகையைச் சேர்ந்தது. தமிழ்நாட்டிலும் 1998 முதல் மதுரையில் ஆவணப்பட, குறும்பட விழாவை ‘மறுபக்கம்’ அமைப்பு நடத்தி வந்துள்ளது. 2003 இல் சென்னை சர்வதேசத் திரைப்பட விழா தொடங்கியது. பெரிய விழா உலகை ஊருக்குக் கொண்டுவருகிறது. வட்டார விழா ஊரின் படைப்பை ஊருக்கே அறிமுகம் செய்கிறது. இரண்டும் வேண்டும்.

விழா நடத்தும் முறை

வட்டார விழா ஒன்றை நடத்தப் பெரும் பொருட்செலவு தேவையில்லை; முறையான திட்டம் தேவை. ஒரே படைப்பாளியின் நான்கு அல்லது ஐந்து படங்களை, அவை எடுக்கப்பட்ட கால வரிசையில் காட்டுவது நன்று. அவருடைய வளர்ச்சியும் தடுமாற்றமும் பார்வையாளருக்குத் தாமாகவே விளங்கும். ஒவ்வொரு படத்திற்கு முன்னரும் உள்ளூர்ப் புதியவர் ஒருவரின் குறும்படத்தைச் சேர்க்கலாம். பெரியவரின் படத்தைக் காண வந்தவர்கள் புதியவரின் படத்தையும் காண்பார்கள். தனியே திரையிட்டால் நண்பர்களும் உறவினரும் மட்டுமே வரக்கூடிய படத்திற்கு, இவ்வாறு முன்பின் அறியாத பார்வையாளர்கள் கிடைக்கின்றனர். வளரும் கலைஞனுக்கு இதனினும் பெரிய பரிசில்லை.

அடுத்து, உரிமையும் அனுமதியும். 1957 ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, ஒரு படம் வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகளுக்கு உரிமை நீடிக்கும். எனவே, 1960 இல் வெளியான படத்தின் உரிமைக் காலம் 2020 ஆம் ஆண்டின் இறுதியோடு முடிந்தது. உரிமைக் காலம் முடியாத படங்களுக்கு உரிமையாளரின் இசைவு தேவை. உரிமைக் காலம் முடிந்த படத்திற்கும் தெளிவான பிரதி வைத்திருப்போரின் ஒத்துழைப்பை நாடவேண்டியிருக்கும். தணிக்கைச் சான்று பெறாத புதிய படங்களை விழாவில் காட்ட விரும்புவோர், 1952 ஆம் ஆண்டுத் திரைப்படச் சட்டத்தின்கீழ் தகவல், ஒலிபரப்பு அமைச்சகத்திடம் விலக்குப் பெறுதல் வேண்டும். விண்ணப்பத்தைக் காலம் தாழ்த்தாமல் அனுப்பினால் இறுதி நேரத் தொல்லைகளைத் தவிர்க்கலாம்.

பிறமொழிப் படங்களுக்குப் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே துணைவாசகம் கிடைக்கிறது. ஆகையால் கதைச் சுருக்கத்தையும் காலப் பின்னணியையும் உள்ளூர் மொழியில் இரண்டு பக்க அளவில் அச்சிட்டு முன்கூட்டியே வழங்குவது இன்றியமையாதது. அரங்கில் இருளும் தெளிந்த ஒலியும் இருத்தல் வேண்டும். ஒலி சரியில்லாத அரங்கில் கட்டக்கின் படங்களைக் காட்டுவது அவருக்கு இழைக்கும் அநீதியாகும். இசையையும் ஓசையையும் அவர் அத்துணை நுட்பமாகப் பயன்படுத்தியுள்ளார்.

திரையிடலைப் போலவே கலந்துரையாடலும் முக்கியமானது. நிகழ்ச்சி நிரலில் அதற்கென நேரம் ஒதுக்கப்பட வேண்டும். படத்தில் எது விளங்கவில்லை, எங்கே சலிப்பு ஏற்பட்டது என்பவற்றைப் பார்வையாளர் நேரில் கூறும்போது, இளம் இயக்குநர் வகுப்பறையில் பெற இயலாத பயிற்சியைப் பெறுகிறார். முதியவர்கள் தம் நினைவுகளைச் சேர்க்கும்போது, திரையில் கண்டது வட்டார வரலாறாக விரிகிறது.

காத்தல் என்னும் கடமை

படங்களைக் காட்டுவதற்கு முன் அவை அழியாமல் இருத்தல் வேண்டும். கட்டக் பங்களாதேஷில் எடுத்து 1973 இல் வெளிவந்த ‘தித்தாஸ் ஏக்டி நதீர் நாம்’ 2010 இல் சர்வதேச முயற்சியால் சீரமைக்கப்பட்டது. அவருக்குக் கிடைத்த இந்தப் பேறு எல்லோருக்கும் கிடைப்பதில்லை. படச்சுருள் மங்கிப் போகும்; இன்றைய புதியவர்களின் படங்களைத் தாங்கிய கணினி வட்டுகளோ ஒரே நாளில் பழுதாகிவிடக்கூடும். வட்டார விழாக் குழுக்கள் தாம் தேர்ந்தெடுத்த ஒவ்வொரு படத்தின் பிரதியையும், படைப்பாளியின் இசைவோடு, அருகிலுள்ள பல்கலைக்கழகத்திலோ நூலகத்திலோ பாதுகாக்க ஏற்பாடு செய்தல் நலம். 2022 இல் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைக்கப்பட்டது. மைய அளவில் நடைபெறும் பாதுகாப்புப் பணி எல்லாச் சிறு படங்களையும் எட்டிவிடும் என்று எதிர்பார்த்திருத்தல் பொருந்தாது.

2025 ஆம் ஆண்டு நவம்பரில் கட்டக்கின் நூற்றாண்டு நிறைவுற்றது. நூற்றாண்டு விழாக்கள் வந்து போகும். ஆனால், தாம் பேசிய மக்களையே சென்றடைய ஒரு கலைஞன் கால் நூற்றாண்டு காத்திருக்கும் நிலை இனி எவருக்கும் நேரக்கூடாது. இன்று ஜாதவ்பூரிலோ, மதுரையிலோ, வேறு எந்தச் சிற்றூரிலோ தன் முதற்படத்தை எடுத்து முடித்திருக்கும் இளைஞருக்கு வேண்டியவை ஓர் இருண்ட மண்டபம், ஒரு வெண்திரை, நேர்மையாகப் பேசக்கூடிய நூறு பார்வையாளர்கள். இவற்றை அளிப்பது எந்த ஊராலும் இயலும்.