சக்கரத்தைச் சுழற்றும் ‘புழு’

மாணவர்களே, மின்தடை நேரத்தில் வீட்டின் ஆட்டோகேட்டைக் கையால் தள்ளிப் பார்த்திருக்கிறீர்களா? பலங்கொண்ட மட்டும் தள்ளினாலும் பெரும்பாலும் அசையாது. சாவியைப் போட்டு, கதவை மோட்டாரின் பிடியிலிருந்து விடுவித்தால்தான் நகரும். ஆனால், மின்சாரம் இருக்கும்போது அதே கதவைச் சிறிய மோட்டார் ஒன்று எளிதாக இழுத்துச் செல்கிறது.

மோட்டாரால் கதவை நகர்த்த முடியும். கதவால் மோட்டாரைச் சுழற்ற முடியாது. இதற்குக் காரணம், பல ஆட்டோகேட் மோட்டார்களின் உள்ளே இருக்கும் புழுப் பற்சக்கரம். பட்டறைகளில் இதை ‘வோர்ம் கியர்’ என்பார்கள்.

எப்படி இயங்குகிறது?

இதில் இரண்டு பாகங்கள் உண்டு. ஒன்று, திருகாணியைப் போல மரை வெட்டிய தண்டு. இதுதான் ‘புழு’. மற்றொன்று, அந்த மரையில் பொருந்தும் பற்களைக் கொண்ட சக்கரம். பொதுவாக இரண்டின் அச்சுகளும் செங்கோணத்தில் அமைந்திருக்கும்.

ஒற்றை மரைப் புழு ஒரு சுற்றுச் சுற்றினால், சக்கரம் ஒரு பல் அளவு மட்டுமே நகரும். சக்கரத்தில் 40 பற்கள் இருந்தால், அது ஒரு முறை சுழலப் புழு 40 முறை சுழல வேண்டும். மோட்டார் நிமிடத்திற்கு 1,400 முறை சுழன்றால், சக்கரம் 35 முறைதான் சுழலும். வேகம் குறைய, முறுக்குவிசை கூடும்.

சாதாரணப் பற்சக்கரங்களில் இதே விகிதத்தைப் பெற, 10 பற்கள் கொண்ட சக்கரத்தோடு 400 பற்கள் கொண்ட பெரிய சக்கரத்தை இணைக்க வேண்டும். அல்லது பல சக்கரங்களை அடுத்தடுத்துப் பொருத்த வேண்டும். புழு அதைச் சிறிய இடத்தில், ஒரே படியில் முடித்துவிடுகிறது.

ஏன் திரும்பிச் சுழலாது?

அடிக்கோலின் மேல் அழிப்பானை வைத்து, ஒரு முனையை மெல்லத் தூக்குங்கள். சாய்வு குறைவாக இருக்கும்வரை அழிப்பான் நகராது; உராய்வு அதைப் பிடித்து வைத்திருக்கும். சாய்வு கூடியதும் சறுக்கிவிடும்.

மரை என்பது தண்டைச் சுற்றி வளைத்த சாய்தளமே. ஒற்றை மரையின் சாய்வு மிகக் குறைவு. அதனால் சக்கரத்தின் பல் எவ்வளவு அழுத்தினாலும், உராய்வு புழுவைச் சுழல விடாது. இதுதான் ‘தானே பூட்டிக்கொள்ளும்’ தன்மை. ஒரே தண்டில் 4 மரைகளை வெட்டினால் சாய்வு செங்குத்தாகிவிடும். அப்போது பூட்டு பெரும்பாலும் நிலைக்காது.

பூட்டுக்கு ஒரு விலை

நமக்கு உதவும் அதே உராய்வு ஆற்றலையும் விழுங்குகிறது. தானே பூட்டிக்கொள்ளும் புழுவின் செயல்திறன் 50 விழுக்காட்டுக்கும் குறைவு; அதற்குக் கொடுக்கும் ஆற்றலில் பாதிக்கு மேல் வெப்பமாகிப் போகிறது. மேலே கண்ட சக்கரத்தில் முறுக்குவிசை 40 மடங்கு கூட வேண்டும்; கிடைப்பதோ 20 மடங்குக்கும் குறைவு. தேய்மானத்தைக் குறைக்க, புழுவை எஃகிலும் சக்கரத்தை வெண்கலத்திலும் செய்து, எண்ணெய் இடுவது வழக்கம்.

எங்கே பயன்படுத்தலாம்?

வேகம் வெகுவாகக் குறைய வேண்டும், இடம் சிறிது, நிறுத்திய இடத்தில் நிற்க வேண்டும் என்றால் புழு பொருத்தமானது. கிட்டார் கம்பியை இறுக்கும் திருகு, சமையல் எரிவாயுக் குழாயை இறுக்கும் உலோகப் பட்டை ஆகியவற்றில் அதைக் காணலாம். நாள் முழுதும் அதிக ஆற்றலைக் கடத்தும் இயந்திரங்களுக்கு அது ஏற்றதன்று. மின்சாரக் காரில் ஒற்றை மரைப் புழுவைப் பொருத்தினால் மின்கலத்தின் ஆற்றல் வீணாகும். பிரேக் பிடிக்கும்போது சக்கரங்கள் மோட்டாரைச் சுழற்றி மின்சாரத்தை மீட்கவும் முடியாது.

ஓர் எச்சரிக்கை. அதிர்வு ஏற்பட்டால் உராய்வின் பிடி தளரலாம். ஆகவே, மனித உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் புழுவை மட்டும் நம்பக்கூடாது. புழுப் பற்சக்கரம் கொண்ட மின்தூக்கிகளிலும் தனியாகப் பிரேக் இருப்பது அதனால்தான்.

சிந்தித்துப் பாருங்கள்: புழுவில் 2 மரைகள், சக்கரத்தில் 30 பற்கள். சக்கரம் ஒரு முறை சுழலப் புழு எத்தனை முறை சுழல வேண்டும்?