வரிசையின் வாலில் நிற்பவை

மூன்று திங்கட்கிழமைகளாக அந்த எண் மாறவே இல்லை. நான் முன்பு வேலை பார்த்த மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வார அறிக்கையின் முதல் வரி இப்படி இருக்கும்: ‘ரிவ்யூவுக்குக் காத்திருக்கும் பி.ஆர்.கள்: 100.’ இரண்டாம் வாரம் மேலாளர், “பரவாயில்லையே, வர்றதும் முடியறதும் சமமா ஓடுது” என்று சந்தோஷப்பட்டார். மூன்றாம் வாரம், குழுவில் புதிதாகச் சேர்ந்திருந்த பெண் என் மேசைக்கு வந்து, “அண்ணா, அதெப்படி மூணு வாரமும் முழுசா நூறு? ஒரு வாரம் தொண்ணூத்தெட்டுகூட வராதா?” என்று கேட்டாள். அறிக்கையைத் தயாரித்த ஸ்கிரிப்ட்டை எழுதியவன் நான்தான்.

நாங்கள் பயன்படுத்தியது கிட்ஹப் என்ற தளம். ஒரு நிரல் வந்து பட்டியல் கேட்டால் அது மொத்தத்தையும் தூக்கிக் கொடுத்துவிடாது. பக்கம் பக்கமாகத்தான் தரும். ஒரு பக்கத்துக்கு அதிகபட்சம் 100. ‘இன்னும் இருக்கிறது, அடுத்த பக்கம் இங்கே’ என்று பதிலின் தலைப்பகுதியில் எழுதியும் அனுப்பும். என் ஸ்கிரிப்ட் தலைப்பகுதியைப் படிக்கவில்லை. முதல் பக்கத்தை எண்ணிவிட்டு, வேலை முடிந்ததென்று படுத்துவிட்டது. பிழைச் செய்தி ஏதும் வரவில்லை, வரவும் வராது. திருத்தி ஓட்டியபோது வந்த எண் 263.

எண்ணிக்கை தவறியதுகூடப் பெரிதில்லை. அந்தப் பட்டியல் புதியது மேலே, பழையது கீழே என்ற வரிசையில் வருவது. முதல் நூறோடு நிறுத்தினால் வெட்டுப்படுவது வால். மாதக்கணக்காக யாரும் திரும்பிப் பார்க்காத கோரிக்கைகள் எல்லாம் அந்த வாலில்தான் இருந்தன. எவற்றைக் கண்டுபிடிக்க ஸ்கிரிப்ட் எழுதினேனோ, குறிபார்த்ததுபோல் அவற்றையே அது விட்டுவிட்டு வந்திருந்தது.

ஐ.டி. உலகத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு ஒரு சிறு விளக்கம். பலர் சேர்ந்து எழுதும் மென்பொருளின் மூலப் பிரதியில் யாரும் நேரடியாகக் கைவைப்பதில்லை. தன் கணினியில் உள்ள நகலில் மாற்றத்தைச் செய்துவிட்டு, ‘இதை மூலத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்’ என்று ஒரு மனுப் போட வேண்டும். இன்னொருவர் அதை வரிவரியாகப் படித்து, குறை சொல்லி, திருத்தச் சொல்லி, கடைசியில் ஒப்புதல் தந்தால்தான் சேரும். இந்த மனுவுக்கு கிட்ஹப்பில் புல் ரிக்வெஸ்ட் என்று பெயர். அலுவலகப் பேச்சில் பி.ஆர். கிட்லேபில் மெர்ஜ் ரிக்வெஸ்ட். கெரிட் என்ற கருவியில் வெறும் ‘சேஞ்ச்’. முகநூலை நடத்தும் நிறுவனத்துக்குள் ‘டிஃப்’. அடுத்தவர் எழுதிய நிரலை உட்கார்ந்து படிக்கும் பழக்கம் இவற்றுக்கெல்லாம் மூத்தது: ஐ.பி.எம். நிறுவனத்தின் மைக்கேல் ஃபேகன் அதற்கென்று ஒரு முறையான ஆய்வு நடைமுறையை 1976-லேயே எழுதி வெளியிட்டார். அன்று அது ஓர் அறைக்குள் நடந்த கூட்டம். 2005-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் கிட் மென்பொருளை உருவாக்கியதும், அதன்மேல் கிட்ஹப் போன்ற தளங்கள் எழுந்ததும், கூட்டத்தை வரிசையாக மாற்றின. வரிசை என்று வந்துவிட்டால், யார் எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்ற கேள்வியும் வந்துவிடும்.

கண்ணால் பார்த்துத் தீராத அளவுக்கு வரிசை நீளும்போதுதான் நிரலை அனுப்பித் தேட வேண்டியிருக்கிறது. இத்தகைய தளங்கள் எல்லாமே மனிதர்களுக்கு ஒரு வாசலும் நிரல்களுக்கு ஒரு வாசலும் வைத்திருக்கின்றன. நிரல்களின் வாசலுக்கு ஏபிஐ என்று பெயர். அங்கே அலங்காரம் இல்லை, பொத்தான் இல்லை. கேள்வியை எழுத்தாகக் கொடுத்தால் பதில் எழுத்தாக வரும்.

எனக்குப் பிடித்த உதாரணம் கெரிட். அதன் பெயருக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. ஓவியர் மோண்ட்ரியானின் பெயரில் கூகுளுக்குள் ஒரு ரிவ்யூ கருவியை எழுதியவர் கைடோ வான் ராஸம், பைத்தான் மொழியை உருவாக்கியவர். 2008-ல் அதை வெளியுலகுக்காகத் திரும்ப எழுதியபோது, தன் நாட்டுக்காரரான கெரிட் ரீட்ஃபெல்ட் என்ற கட்டடக் கலைஞரின் குடும்பப் பெயரை வைத்தார். சிவப்பும் நீலமுமாக ஒரு நாற்காலி செய்து புகழ்பெற்றவர் அந்த ரீட்ஃபெல்ட். ஆண்ட்ராய்டு வேலைக்காக அதிலிருந்து கிளை பிரிந்த கருவிக்கு அவருடைய முதல் பெயர் போயிற்று. மென்பொருள்காரர்கள் பெயர் வைப்பதில் காட்டும் அக்கறையைக் கையேடு எழுதுவதிலும் காட்டினால் நன்றாக இருக்கும்.

விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி மென்பொருளின் மாற்றங்கள் 2012 முதல் கெரிட் வழியாகத்தான் வருகின்றன. தமிழ் விக்கிப்பீடியாவும் ஓடுவது அதே மென்பொருளில் என்பதால், அதன் பக்கத்தில் ஒரு பொத்தான் இடம் மாறினால் அந்த மாற்றமும் பெரும்பாலும் இந்த வரிசையில் நின்று வந்ததாகவே இருக்கும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் கழித்தல் 2 முதல் கூட்டல் 2 வரை மதிப்பெண் போடலாம். கூட்டல் 1 என்றால் ‘எனக்குச் சரியாகப் படுகிறது, இன்னொருவரும் பார்க்கட்டும்’; கூட்டல் 2 என்றால் ‘சேர்க்கலாம்’; கழித்தல் 2 விழுந்தால் அதை எடுக்கும்வரை அசையாது.

கெரிட்டில் தேடும் முறை ஜிமெயிலில் தேடுவது மாதிரி. நிலை ‘ஓப்பன்’, உரிமையாளர் இன்னார், மதிப்பெண் இவ்வளவு, வயது இத்தனை வாரம் என்று குறிச்சொற்களை அடுக்கலாம். முன்னால் ஒரு கழித்தல் குறி போட்டால் ‘இது வேண்டாம்’ என்று பொருள். இதே வரியை நிரல் வழியாகவும் அனுப்பலாம். அப்படி முதன்முதலாக அனுப்பும் எல்லோரும் ஒரு இடத்தில் முழிப்பார்கள். கெரிட் தரும் பதிலின் முதல் வரியில் )]}' என்று நான்கு குறிகள் நிற்கும். திறக்காத அடைப்புக்குறிகளை மூடுகிற அபத்தமான வரி. பதிலைப் பிரித்துப் படிக்கும் நிரல் அங்கேயே விழுந்துவிடும். உண்மையில் அது கதவில் வேண்டுமென்றே வைத்த தாழ்ப்பாள். நீங்கள் கெரிட்டில் உள்நுழைந்திருக்கும் நேரத்தில் வேறொரு கெட்ட தளம், உங்கள் பெயரில் இந்தப் பதிலை வரவழைத்து ஒரு ஸ்கிரிப்ட்டாக ஓடவிட்டுத் தகவலைத் திருடப் பார்க்கலாம். முதல் வரியிலேயே இலக்கணப் பிழை இருந்தால் உலாவி அதை ஓட்டாது. முறையாக வரும் நிரல் முதல் வரியை உரித்துப் போட்டுவிட்டு மீதியைப் படித்துக்கொள்ளும்.

கிட்ஹப்பின் வாசலில் வேறு மாதிரிக் கட்டுப்பாடுகள். தேடல் கேள்விகளை நிமிடத்துக்கு 30-க்கு மேல் கேட்க முடியாது; எத்தனை ஆயிரம் பொருந்தினாலும் ஒரு தேடலுக்கு முதல் 1000 மட்டுமே கைக்கு வரும். அதற்கு மேல் வேண்டுமென்றால் தேதிவாரியாகத் துண்டுபோட்டுத் தனித்தனியாகக் கேட்க வேண்டும். தேடி முடிப்பதற்குள் நேரம் தீர்ந்துவிட்டால், கிடைத்ததைக் கொடுத்துவிட்டு ‘இது முழுமையானதல்ல’ என்று ஒரு மூலையில் குறித்துவைக்கும். அந்த மூலையைப் பார்க்காமலே வருடங்களாக ஓடிக்கொண்டிருக்கும் ஸ்கிரிப்ட்டுகள் எத்தனையோ.

பக்கமும் வரம்பும் ஒருமுறை அடிபட்டால் கற்றுக்கொள்ளக்கூடியவை. ‘காத்திருக்கிறது’ என்ற சொல்லுக்கு இயந்திரத்திடம் என்ன பொருள் என்பது வேறு வகைச் சிக்கல்.

கெரிட்டில் ‘வயது’ என்ற குறிச்சொல் இருப்பதைச் சொன்னேன். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட வயது என்று தேடினால், ஆறு மாதமாகக் கிடப்பில் கிடப்பவை வரும் என்றுதானே நினைப்போம்? அது எண்ணுவது பிறந்த நாளிலிருந்து அல்ல, கடைசியாக ஏதாவது நடந்த நாளிலிருந்து. நடந்தது எதுவாகவும் இருக்கலாம். பெரிய திட்டங்களில் மனிதர்களைவிட அதிகமாகப் பேசுபவை பாட்கள் எனப்படும் தானியங்கி நிரல்கள். மீடியாவிக்கியில் ஒரு பாட் சோதனைகளை ஓட்டி முடிவை எழுதிவைக்கும். ஒரு மாற்றத்தை எந்த மனிதரும் ஏழு மாதமாகத் தொடாமல் இருந்து, நேற்று மாலை பாட் வந்து ‘சோதனை தோல்வி’ என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போயிருந்தால், அதன் வயது ஒரே நாள். நேற்றுப் பிறந்த குழந்தையாக அது வரிசையின் தலைக்குப் போய்விடும்.

பாட்களால் இன்னொரு தொல்லையும் உண்டு. மீடியாவிக்கியின் இடைமுகச் சொற்களைத் தன்னார்வலர்கள் தமிழ் உட்பட நூற்றுக்கணக்கான மொழிகளில் டிரான்ஸ்லேட்விக்கி தளத்தில் பெயர்க்கிறார்கள். அந்த மொழிபெயர்ப்புகளைத் திரட்டி கெரிட்டுக்குள் கொண்டுவருவதும் ஒரு பாட்தான். அதன் மாற்றங்கள் மனிதப் பார்வைக்கு நிற்காமல் சடசடவென்று உள்ளே போகும். அவற்றையும் சேர்த்துச் சராசரி போட்டால், திட்டம் மின்னல் வேகத்தில் இயங்குவதுபோல் தெரியும். மேலிடத்துக்கு அனுப்ப அழகான எண். புதிதாக வந்த தன்னார்வலர் போட்ட மாற்றத்துக்கு யாராவது பதில் சொன்னார்களா என்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. கழித்தல் குறியைப் போட்டு பாட்டின் பெயரை நீக்கிவிட்டுத் தேடுவதுதான் முதல் வேலை.

பாட்டை நீக்கிய பிறகும் சராசரியில் ஒரு பொறி இருக்கிறது. பத்து மனுக்கள் வந்தன. நான்கு ஒரே நாளில் சேர்க்கப்பட்டன. ஆறு இன்றோடு முப்பது நாளாக நிற்கின்றன. ‘சேர்க்கப்பட்டவை’ என்று தேடி எடுத்துச் சராசரி போட்டால் விடை ஒரு நாள். வந்தவர்களில் பாதிக்கு மேல் ஒரு மாதமாக நிற்கும் வரிசைக்கு ஒரு நாள் என்று சான்றிதழ்! நிற்பவற்றையும் சேர்க்கலாமென்றால், அவை எப்போது முடியும் என்று தெரியாது. இன்னும் முடியாத ஒன்றின் காலத்தை எப்படிக் கூட்டுவது?

மருத்துவப் புள்ளியியல் இந்தக் கேள்விக்கு எப்போதோ விடை கண்டுவிட்டது. ஒரு சிகிச்சைக்குப் பின் நோயாளிகள் எவ்வளவு காலம் வாழ்கிறார்கள் என்று கணக்கிடும் மருத்துவருக்கும் இதே நெருக்கடி: ஆய்வு முடியும் நாளில் பலர் நல்லபடியாக உயிரோடு இருப்பார்கள். அவர்களை விட்டுவிட்டு இறந்தவர்களை மட்டும் கணக்கெடுத்தால் சிகிச்சையே விஷம் என்று தோன்றிவிடும். எட்வர்ட் கேப்லன், பால் மையர் இருவரும் 1958-ல் வெளியிட்ட முறை இதைத் தீர்த்தது. இன்னும் முடியாத ஒருவர், தான் இருந்த நாள்வரை ‘இதுவரை தாண்டிவிட்டார்’ என்ற சாட்சியத்தைக் கொடுத்துவிட்டுக் கணக்கிலிருந்து மெல்ல விலகிக்கொள்வார். அவர் சொன்னது மட்டும் நிற்கும். நம் பத்து மனுக்களுக்கு இதைப் போட்டால் விடை நேர்மையாக வருகிறது: முதல் நாளில் நாற்பது சதவீதம் முடிந்தது, பாதி முடிய ஆகும் காலம் முப்பது நாளுக்கும் அதிகம். சுவையான துணுக்கு ஒன்று: கேப்லனும் மையரும் தனித்தனியாக எழுதி ஒரே ஆய்விதழுக்கு அனுப்பியவர்கள். இரண்டையும் ஒன்றாக இணைத்துத் தாருங்கள் என்று கேட்டவர் அந்த இதழின் ஆசிரியர். நம் மொழியில் சொன்னால், மெர்ஜ் ஆன பிறகுதான் உள்ளே போயிற்று.

ஒவ்வொரு மனுவாகத் தோண்ட நேரமில்லாதவர்களுக்கு இன்னும் எளிய வழி ஒன்றை 1961-ல் ஜான் லிட்டில் நிரூபித்துக் கொடுத்தார். ஒரு வரிசையில் நிற்பவர்களின் சராசரி எண்ணிக்கை என்பது, ஒரு நாளில் வந்து சேருபவர்களின் எண்ணிக்கையை ஒருவர் நிற்கும் சராசரி நாட்களால் பெருக்கினால் வருவது. ரேஷன் கடைக்கும் பொருந்தும், பி.ஆர். வரிசைக்கும் பொருந்தும். 300 நிற்கின்றன, நாளுக்கு 20 வருகின்றன என்றால் சராசரிக் காத்திருப்பு 15 நாள். இரண்டே தேடல்களில் விடை. வருவதும் போவதும் நெடுநாள் நோக்கில் சமமாக இருந்தால்தான் இது செல்லும். வாலில் கிடப்பவை குவிந்துகொண்டே போகும் இடத்தில் இதையும் நம்ப முடியாது.

கெரிட்டை உருவாக்குபவர்களுக்கும் இந்தத் தலைவலி தெரிந்திருக்கிறது. 2020-ல் ‘அட்டென்ஷன் செட்’ என்ற ஒன்றைக் கொண்டுவந்தார்கள். இப்போது யார் முறை என்பதை அது தனியாகப் பதிந்துவைக்கும். ரிவ்யூ செய்பவர் குறை எழுதினால் முறை, மாற்றத்தை எழுதியவருக்குப் போகும். அவர் பதில் சொன்னால் திரும்பி வரும், பந்து மாதிரி. இனி வயதை வைத்து ஊகிக்க வேண்டாம், என் முறைக்காக நிற்பவை எவை என்று நேரடியாகவே கேட்கலாம். இதைத்தான் நல்ல மாற்றம் என்பேன். கிடைத்த அடையாளங்களை வைத்துக் கெட்டிக்காரத்தனமாகத் தேடுவதைவிட, தேட வேண்டியதை முதலிலேயே எழுதிவைத்துவிடுவது மேல். முறையைத் தன் பெயரிலிருந்து ஒரு சொடுக்கில் நீக்கிக்கொள்ளவும் முடியும் என்பது மனித சுபாவத்துக்காக விட்டுவைத்த சந்து.

விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியாவின் கெரிட் தளத்தைப் பார்க்கக் கணக்கு எதுவும் தேவையில்லை. தேடல் பெட்டியில் மீடியாவிக்கியின் பெயரைக் கொடுத்து, நிலை ஓப்பன், வயது ஆறு மாதம், மொழிபெயர்ப்பு பாட் வேண்டாம் என்று தட்டிப் பாருங்கள். பட்டியல் அங்கேயும் புதியது மேலே என்றுதான் வரும். கடைசிப் பக்கம்வரை போக வேண்டும்.