பெயரை இழந்த சிறுமி

அமெரிக்க எழுத்தாளர் ஊர்சுலா லெ குவின், கடலும் தீவுகளும் நிறைந்த ஏர்த்சீ என்னும் கற்பனையுலகைக் களமாகக் கொண்டு எழுதிய முதல் நாவல் 1968இல் வெளிவந்தது. அது மந்திர வித்தை பயிலும் கெட் என்னும் இளைஞனின் கதை. 1971இல் வந்த இரண்டாம் நாவலான ‘அற்றுவானின் கல்லறைக’ளோ வறண்ட நிலத்தில் நிகழ்வது, அதன் தலைவி ஒரு சிறுமி. மாயக்கதைகளில் வீரம் பெரும்பாலும் ஆண்மக்களுக்கே உரியதாயிருந்த அக்காலத்தில் இது புதுமையே.

கல்லறைகளின் தலைமைப் பூசாரியான பெண் இறந்த இரவிற் பிறக்கும் பெண்குழந்தையாக அவளே மீண்டும் வருகிறாள் என்பது அந்நாட்டார் நம்பிக்கை. தலாய் லாமாவைத் தேடும் திபெத்திய வழக்கம் நேயர்களின் நினைவுக்கு வரலாம். அவ்வாறு கண்டெடுக்கப்பட்ட தெனார் என்னும் சிறுமியை ஐந்து வயதிற் பெற்றோரிடமிருந்து பிரிக்கின்றனர். மறு ஆண்டு நடைபெறும் சடங்கில் அவள் கழுத்துக்கு நேரே வாள் ஓங்கப்பட்டுத் தடுக்கப்படுகிறது. அன்றோடு அவள் பெயர் பறிபோகிறது. இனி அவள் ஆர்ஹா. ‘உண்ணப்பட்டவள்’ என்பது அதன் பொருள். அவளை உண்டவை பெயரற்ற இருட்சக்திகள்.

பெயரைப் பறித்தவர்கள் அவளுக்குப் பதவியைக் கொடுக்கின்றனர். நிலத்தடிக் குகையும் அதற்கப்பாலுள்ள சுருங்கைகளும் அவள் ஆட்சிக்கு உட்பட்டவை. குகையில் விளக்கேற்றல் ஆகாது. ஆதலாற் சுவரைக் கையால் தடவி, திருப்பங்களை எண்ணி, வழியெல்லாம் மனப்பாடம் செய்கிறாள். அந்த இருளில் அவள் அடையும் பெருமிதத்தை ஆசிரியர் மறைக்கவில்லை. தன் சிறையைத் தன் அரசென்று ஒருத்தி எண்ணுவது எப்படி என்பதை இப்பகுதி மிக நுட்பமாகக் காட்டுகிறது. அரசு செலுத்துவதன் விலையும் விரைவில் தெரிகிறது. கைதிகள் மூவரை உணவும் நீருமின்றிச் சாகவிடும்படி அவளே ஆணையிடுகிறாள். பின்னர் தீக்கனவுகளால் வருந்துகிறாள்.

இந்நிலையில், உடைந்த மோதிரமொன்றின் மறுபாதியைத் தேடி கெட் அக்குகைக்குள் நுழைகிறான். அவன் கைக்கோலின் ஒளியில், விரல்களால் மட்டுமே தான் அறிந்திருந்த குகை பளிங்குக்கற்களால் மின்னுவதை அவள் முதன்முறையாகக் காண்கிறாள். நூலின் மிகச் சிறந்த கட்டம் இதுவே. உடனே கதவை அடைத்து அவனைச் சிறைப்படுத்துகிறாள். விதிப்படி அவன் சாகவேண்டும். ஆயினும் அவள் அவனுக்கு நீர் கொடுக்கிறாள், உலகத்தைப் பற்றிக் கேட்கிறாள். அவன் அவளைத் தெனார் என்று பெயர் சொல்லி அழைக்கிறான்.

பெண்ணின் விடுதலை ஓர் ஆணின் கையால் வருவதா என்று வினவுவோர் உண்டு. வினா நியாயமானதே. ஆனால் பெயரைக் கேட்பதற்கு முன்பே அவனைக் கொல்லாமல் விட்டவள் அவள். தப்பியோடும்போது இருட்சக்திகளைத் தடுத்து நிறுத்துவதிலேயே அவன் ஆற்றல் முழுவதும் செலவாகிறது. சுருங்கைகளில் வழிகாட்டுவது அவளது நினைவாற்றலே. ஒருவரின்றி மற்றவர் வெளியேறியிருக்க முடியாது.

வெளியே வந்ததும் மகிழ்ச்சி பெருகுவதில்லை. வீணான இளமையை எண்ணி அழுகிறாள். கடற்கரையில் கெட்டையே கொல்லக் கத்தியெடுத்து, பின் கைவிடுகிறாள். தானே தெரிந்து நடக்கவேண்டிய வாழ்வு அவளை அச்சுறுத்துகிறது. சிறுவர்க்கென வெளியான நூலில் விடுதலையை இத்துணை பாரமாகக் காட்டியது துணிவான செயல்.

இக்கதையுலகில் ஆண் பெண் நிலையை ஆசிரியர் பிற்காலத்தில் மீளாய்வு செய்தார். 1990இல் வந்த ‘தெஹானு’வில் தெனார் நடுவயதுக் கைம்பெண், இரு பிள்ளைகளின் தாய், பண்ணை நடத்துபவள். ஊரார் அவளைக் கோஹா என்கின்றனர். அது அத்தீவில் சிறு வெண்சிலந்தி ஒன்றுக்கு வழங்கும் பெயர், கணவன் இட்டது. அவளைத் தெனார் என்று அழைப்போர் அங்கும் மிகச் சிலரே.